இருபது பேர்ச்சுக்கு எத்தனை கிலோ உரம்?

கந்தப்பளையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் 20 பேர்ச் நிலம் இருக்கிறது. கரட், லீக்ஸ், கோவா என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். அப்பாவின் உரக்கணக்கு ஒரு பழைய பால்மாப் பேணிதான். பாத்திக்கு ஒரு பேணி. பயிர் வெளிறினால் இன்னொன்று. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோதுதான் அந்தப் பேணி காலியானது. அந்த ஆண்டு யூரியா இல்லாமல் லீக்ஸ் வெளிறியது உண்மை. ஆனால் பொசுபரசு உரமான டி.எஸ்.பி. இல்லாததை எந்தப் பயிரும் பொருட்படுத்தவில்லை. அது ஏன் என்று அறியத்தான் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுத்தேன்.

முதல் தடவை நான் மண்ணைக் கொண்டுபோனது காலி உரப்பையில். விவசாயப் போதனாசிரியர் பையைப் பார்த்துச் சிரித்து, திருப்பி அனுப்பிவிட்டார். நீங்கள் சுத்தமான பிளாஸ்டிக் வாளி எடுங்கள். வளைந்து வளைந்து நடந்து, பத்துப் பன்னிரண்டு இடத்தில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண் எடுக்க வேண்டும். வரப்பு, எருக்குவியல் கிடந்த இடம், வடிகால் ஓரம் ஆகியவை வேண்டாம். எங்களுடையது சரிவு நிலம்; மேல் தட்டும் கீழ் தட்டும் ஒரே மண் அல்ல, ஆகவே தனித்தனியாக எடுத்தேன். ஒவ்வொரு தட்டின் மண்ணையும் தனியாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுத்தால் போதும். உரம் போட்ட உடனே மண் எடுக்காதீர்கள்.

அறிக்கையில் முதலில் பி.எச். எண்ணைப் பாருங்கள்; அது குறையக் குறைய மண்ணில் அமிலம் அதிகம். எனக்கு 4.8 வந்தது. பக்கத்துத் தேயிலைக்கு அது சுகம். கோவாவுக்கு 6க்கு மேல் இருந்தால் நல்லது, வேர்வீக்க நோயும் குறையும். அமிலத்தைக் குறைக்க, அறிக்கை சொன்ன அளவு டொலமைட்டுச் சுண்ணாம்புத் தூளை நடுவதற்கு மூன்று வாரம் முன்னால் மண்ணில் கலந்தேன். யூரியாவையும் டொலமைட்டையும் ஒரே நாளில் போட்டால் நைதரசன் ஆவியாகப் போய்விடும். இதைச் சொன்னால் அப்பா இன்னும் நம்புவதில்லை.

அடுத்து பொசுபரசு. எனக்கு "மிக அதிகம்" என்று வந்தது. இந்தச் சத்து மழையில் எளிதில் கரைந்து போவதில்லை, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வருடக்கணக்கில் போட்ட டி.எஸ்.பி.யும், லொறியில் இறக்கிய கோழி எருவும் அங்கேயேதான் கிடந்தன. மண் அரிக்கப்பட்டுப் போகும்போது மட்டும் அதுவும் சேர்ந்து ஓடைக்குப் போய்ப் பாசியை வளர்க்கிறது. ஆகவே டி.எஸ்.பி.யை நிறுத்தினேன். கோழி எருவையும் பாதியாக்கினேன், ஏனென்றால் அதிலும் பொசுபரசு உண்டு.

இனிக் கணக்கு. சிபாரிசு ஹெக்டயருக்குக் கிலோவில் வரும். ஒரு ஹெக்டயர் ஏறத்தாழ 395 பேர்ச். எனவே 20 பேர்ச்சுக்கு 20ஆல் வகுத்தால் போதும். ஹெக்டயருக்கு 100 கிலோ நைதரசன் என்று வைத்துக்கொள்வோம்: எனக்கு 5 கிலோ. யூரியாவில் 46 வீதம்தான் நைதரசன், ஆகவே 5ஐ 0.46ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11 கிலோ யூரியா. பொற்றாசிய உரமான எம்.ஓ.பி.க்கும் இதே வழிதான், ஆனால் 0.6ஆல் வகுக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: மூட்டையில் பொசுபரசுக்கும் பொற்றாசியத்துக்கும் உள்ள வீதம் ஒட்சைட்டுக் கணக்கு, அதாவது ஒட்சிசனும் சேர்ந்த எடை. சிபாரிசு தனிப் பொசுபரசாக இருந்தால் 2.29ஆலும், தனிப் பொற்றாசியமாக இருந்தால் 1.2ஆலும் பெருக்கிவிட்டு வகுங்கள். இதைத் தவறவிட்டு ஒரு போகம் பொற்றாசியத்தைக் குறைத்துப் போட்டேன்.

நைதரசனை மட்டும் மண் அறிக்கையை வைத்து முடிவு செய்ய முடியாது. மழைக்கு மழை மாறும். பயிருக்கான சிபாரிசை எடுத்து, மூன்றாகப் பிரித்துப் போடுகிறேன். பெருமழை வரும் அறிகுறி தெரிந்தால் ஒரு நாள் பொறுப்பேன்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அறுவடை முடிந்ததும், மறுபடி மண் எடுக்கிறேன். பால்மாப் பேணியை அப்பா வைத்திருக்கிறார். இப்போது அதில் லீக்ஸ் விதை இருக்கிறது.