ஓடிடி கோப்பைப் பிரித்துப் பார்ப்போம்

லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் ஆவணம் எழுத உதவும் செயலி ரைட்டர். அதில் சேமிக்கும் ஆவணத்தின் பெயர் ஓடிடி என்று முடியும் (படம் பார்க்கும் ஓடிடி அல்ல). ஓப்பன் டாக்குமென்ட் எனப்படும் இந்த வடிவம் 2005இல் ஓயாசிஸ் என்ற தொழில்நுட்பத் தர அமைப்பின் தரமாகவும், 2006இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகவும் ஆனது. இதன் விதிகளை யாரும் படிக்கலாம், கோப்பையும் யாரும் பிரிக்கலாம்.

1. ரைட்டரில் இரண்டு தலைப்புகளும் ஒரு பத்தியும் தட்டச்சு செய்யுங்கள். முதல் தலைப்புக்கு ஸ்டைல் பட்டியலிலிருந்து ‘ஹெடிங் 1’ கொடுங்கள். இரண்டாவதற்கு எழுத்தை மட்டும் பெரிதாக்குங்கள். சேமித்து மூடுங்கள்.

2. ஓடிடி கோப்பு உண்மையில் ஒரு ஜிப், அதாவது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. கோப்பை நகலெடுத்து, நகலின் பெயர் இறுதியை ‘ஜிப்’ (.zip) என்று மாற்றுங்கள். விண்டோஸில் அந்த இறுதிப் பகுதி மறைந்திருந்தால், ‘வியூ’ பட்டியலில் அதைக் காட்டச் சொல்லலாம்.

3. ஜிப்பை விரித்தால் பல கோப்புகள் வரும். ‘ஸ்டைல்ஸ்’ அலங்காரத்துக்கு, ‘மெட்டா’ ஆவணம் பற்றிய விவரங்களுக்கு. நமக்கு வேண்டியது ‘கன்டென்ட்.எக்ஸ்எம்எல்’ (content.xml). எக்ஸ்எம்எல் என்பது உரையைச் சுற்றிக் குறிகள் இட்டு எழுதும் முறை.

4. அதை ஃபயர்பாக்ஸில் திறங்கள். நோட்பேடில் எல்லாம் ஒரே நீள வரியாக வந்து கண்ணைக் கட்டும்.

தலைப்புகளைத் தேடுங்கள். முதல் தலைப்பைச் சுற்றி ‘டெக்ஸ்ட்:ஹெச்’ என்ற குறி, கூடவே அது முதல் நிலைத் தலைப்பு என்ற குறிப்பு. இரண்டாவதோ ‘டெக்ஸ்ட்:பி’, அதாவது வெறும் பத்தி. திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், தானாக உருவாகும் பொருளடக்கத்தில் இரண்டாவது இடம்பெறாது. எழுத்தைப் பெரிதாக்கித் தலைப்பு போடும் பழக்கத்தை விட இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனி எண் தரும் யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தால் தமிழ் தமிழாகவே தெரியும். பழைய பாமினி எழுத்துருவில் செய்திருந்தால் ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி நிற்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆவணம் ஏன் குழம்புகிறது என்பது இப்போது விளங்கும்.

5. திருத்திப் பார்க்க ஆசையா? மறுபடி ஜிப் செய்வது தொல்லை: ‘மைம்டைப்’ என்ற சிறு கோப்பு சுருக்கப்படாமல் முதலாவதாக இருக்கவேண்டும். அதற்குப் பதிலாக ‘சேவ் ஆஸ்’ போய் ‘ஃபிளாட் எக்ஸ்எம்எல்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். முழு ஆவணமும் ஒரே உரைக் கோப்பாகிவிடும். நோட்பேடில் ஒரு சொல்லை மாற்றி, யூடிஎஃப்-8இல் (யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறை) சேமித்து, ரைட்டரில் திறங்கள். படங்கள் நிறைந்த ஆவணத்துக்கு இந்த வகை வேண்டாம்; படங்களும் எழுத்துகளாக மாறிக் கோப்பு வீங்கிவிடும்.