அலைனரோடு வடசென்னைக்குக் குடிவருபவர்களுக்கு

துபாயிலிருந்து தண்டையார்பேட்டைக்குக் குடிவந்தபோது என் பெட்டியில் 11 ஜோடி அலைனர் இருந்தது. பல்லைச் சீராக்க மேலும் கீழுமாக மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை அது; ஒரு ஜோடி முடிந்ததும் அடுத்த ஜோடி. வாடகை வீடு, கேஸ் இணைப்பு, பள்ளிக்கூடம் பற்றிச் சொல்லத் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. இதைச் சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை.

முதலில் பெயர். அலைனர் என்றால் நம் தெருவில் பலருக்குப் புரியாது. "கழட்டி மாட்டுற கிளிப்பு" என்று சொல்லுங்கள், போதும். தெத்துப்பல் அதிர்ஷ்டமாச்சே, அதைப் போய் ஏன் சரி பண்ணுறே என்று பெரியம்மாக்கள் கேட்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஊரைக் காலி செய்யும் முன் அங்குள்ள டாக்டரிடம் ஸ்கேன் கோப்பு, சிகிச்சைத் திட்டம், எக்ஸ்ரே மூன்றையும் வாங்கிவிடுங்கள். மிச்ச ஜோடிகளையும் மொத்தமாகக் கேளுங்கள். இங்குள்ள டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்துப் புது செட் போடச் சொன்னால் பணம் இரண்டாவது முறை போகும். டாக்டரைத் தேடும்போது போர்டின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். பி.டி.எஸ். என்ற பல் மருத்துவப் பட்டத்துக்கு மேல் 3 வருடம் பல் சீரமைப்பு படித்த எம்.டி.எஸ்.தானா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். புதிதாக ஆரம்பிப்பவர் என்றால் சொத்தை, ஈறு வீக்கம் எல்லாம் முதலில் சரியாக வேண்டும். பல்லை நிறைய திருப்ப வேண்டியிருக்கிறது, கம்பி கிளிப்தான் சரிப்படும் என்று அவர் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது நேர்மையான பதில். கையில் காசு குறைவு என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள்.

இனிதான் உண்மையான சிக்கல்: டீ. அலைனர் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். விடாமல் அழுத்தினால்தான் பல்லின் ஒரு பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புதிதாக வளர்ந்து, பல் நகரும். ஆக, சாப்பிட, குடிக்க, பல் துலக்க எல்லாம் சேர்த்து இரண்டு, மிஞ்சிப்போனால் நான்கு மணி நேரம். இங்கேயோ வீடு பார்க்கப் போனால் டீ, எலக்ட்ரீஷியன் வந்தால் டீ, சும்மா நின்றால்கூட டீ. கழட்டி, குடித்து, கொப்பளித்து மாட்டக் கால் மணி நேரம் ஓடிவிடும். ஆறு டீக்கு ஒன்றரை மணி. மாட்டிக்கொண்டே குடித்தால் சூட்டில் பிளாஸ்டிக் வளையும், கறையும் ஏறும். நான் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நிறுத்திக்கொண்டேன். மற்ற நேரம் தண்ணீர்தான். கழுவவும் கேன் தண்ணீர், அதுவும் வெந்நீர் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் அலைனரை விட்டுவிட்டுப் போகவே கூடாது.

பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிடலாம், தடையில்லை. அந்த ஆரஞ்சு நிற நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் முடிந்ததும், வாயைக் கொப்பளிக்காமல் மாட்டினால் மட்டும் அலைனர் மஞ்சளாகிவிடும்.

டப்பா எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் டப்பாவை மறந்துபோய், அலைனரை டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்தேன். பாயசம் முடித்துக் கை கழுவிவிட்டு வருவதற்குள் மேஜையில் விரித்த பேப்பரோடு எல்லாம் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டுவேட்டியோடு மண்டபத்தின் பின்பக்கம் செல்போன் வெளிச்சத்தில் எச்சில் இலைகளைக் கிளறினேன். கிடைக்கவில்லை. போனில் டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "முந்தைய ஜோடி இருக்கா? அதை இப்பவே மாட்டுங்க, நாளைக்கு வாங்க." நல்லவேளை, அதைத் தூக்கிப் போடாமல் பழைய சோப்பு டப்பாவில் வைத்திருந்தேன்.