'ஜனநாயக முறையில்': எங்கே, எப்படி எழுதுவது?

மும்பையில் மராத்தியிலோ இந்தியிலோ படித்து வளர்ந்தவர்கள், குடியிருப்புச் சங்கக் கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதும்போது தடுமாறும் சொல் இது.

முதலில் பெயர்ச்சொல். ஜனம் மக்கள், நாயகம் தலைமை. இந்தியில் 'ஜன்நாயக்' என்றால் மக்கள் தலைவர், அதாவது ஓர் ஆள். தமிழில் ஜனநாயகம் ஆட்சிமுறை; அதை ஏற்பவர் ஜனநாயகவாதி. மக்களாட்சி என்றும் எழுதலாம், ஒரே குறிப்பில் இரண்டையும் கலக்காதீர்கள்.

அடுத்து, இறுதி 'ம்'மை நீக்கி 'முறையில்' சேருங்கள். அழகு 'அழகாக' ஆவதுபோல 'ஜனநாயகமாக' என்று எழுதத் தோன்றும். வழுக்கும் இடம் இதுதான். "நாடு ஜனநாயகமாக மாறியது" சரி, ஏனென்றால் நாடு என்னவாக ஆனது என்பதை அந்த 'ஆக' சொல்கிறது. "தலைவரை ஜனநாயகமாகத் தேர்ந்தெடுத்தோம்" காதில் ஒட்டாது. செயல் நடந்த விதத்துக்கு 'முறையில்' வேண்டும். 'ஜனநாயக ரீதியாக' என்பதும் வழக்கில் உண்டு, ஆனால் சற்றுக் கனமானது.

மராத்தியின் 'லோக்‌ஷாஹி பத்ததீனே' மனத்தில் இருந்தால் 'முறையால்' என்று வந்துவிடும். தமிழில் 'ஆல்' கருவியையோ காரணத்தையோ காட்டும். அங்கே 'இல்' போடுங்கள்.

ஒற்று மிகுவதையும் கவனியுங்கள். எடுத்துக்காட்டாக, 2012இல் நடைமுறைக்கு வந்த 97ஆவது திருத்தம் அரசமைப்பில் சேர்த்த 43பி பிரிவு, கூட்டுறவுச் சங்கங்களின் ஜனநாயகக் கட்டுப்பாட்டை வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது. 'கட்டுப்பாடு' முன் 'க்' மிகும். 'முறை' முன் எதுவும் மிகாது.

பிறகு பொருள். எல்லோரும் ஒப்புக்கொண்டால் 'ஒருமனதாக'. ஒருவரே மனுப் போட்டிருந்தால் 'போட்டியின்றி'. வாக்கு எண்ணியிருந்தால் எண்ணையே எழுதுங்கள்: "42க்கு 31 வாக்கு பெற்று". இவை நடந்ததைத் துல்லியமாகச் சொல்லும். எல்லாவற்றுக்கும் 'ஜனநாயக முறையில்' போட்டால் என்ன நடந்தது என்பது மறைந்துபோகும்.

கடைசியாக இடம். "ஜனநாயக முறையில் தேர்ந்தெடுத்த செயலாளரை நீக்கினர்" என்றால் தேர்வுதான் ஜனநாயக முறையில் நடந்தது. நீக்கம் எப்படி நடந்தது என்று தெரியாது. நீக்கத்தைக் குறிக்க, "தேர்ந்தெடுத்த செயலாளரை ஜனநாயக முறையில் நீக்கினர்" என்று வினைக்கு ஒட்டி வையுங்கள்.