மூடப்படும் எலக்ட்ரானிக்ஸ் கடையில் பொருள் வாங்குவது எப்படி? படிப்படியாக

பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைத்தொடர் ஒன்று மூடப்படுகிறது என்றால் வாசலில் முதலில் ஏறுவது பலகைதான்: "எல்லாம் விற்றாக வேண்டும், 70 சதவீதம் வரை தள்ளுபடி." உள்ளே போனால் அந்த 70 சதவீதம் செல்போன் உறைக்கும் கேபிளுக்கும்தான் இருக்கும், டிவிக்கு 10 சதவீதம். இப்படி ஒரு விற்பனையில் டிவியும், கடையில் காட்சிக்கு வைத்திருந்த டிஸ்ப்ளே லேப்டாப்பும் வாங்கினேன். அந்த லேப்டாப்பைப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவர நிறைய அலைய வேண்டியிருந்தது. அதனால் நான்காவது படி கொஞ்சம் நீளமாக இருக்கும். அவசரம் என்றால் அதை மட்டுமாவது படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 1: விற்பது யார் என்று புரிந்துகொள்ளுங்கள்

மூடுவது முடிவானதும் விலை வைக்கும் அதிகாரம் பெரும்பாலும் பழைய நிர்வாகத்திடம் இருக்காது. சரக்கைக் குறித்த நாளுக்குள் பணமாக்கித் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் வந்து பொறுப்பேற்கும். அவர்கள் முதலில் செய்வது, நடப்பிலிருந்த சலுகைகளை எடுத்துவிட்டு விலையைப் பட்டியல் விலைக்கே கொண்டுபோவது. தள்ளுபடி அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் முதல் வாரத்தில் சில பொருட்களின் விலை, கடை ஒழுங்காக நடந்த காலத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அமெரிக்காவின் சர்க்யூட் சிட்டியைப் பாருங்கள். 2008 நவம்பரில் திவால் மனு போட்டது. 2009 ஜனவரி 16 அன்று மொத்தமாக மூடுவதாக அறிவித்தது. மறுநாளே மீதமிருந்த 567 கடைகளிலும் விற்பனை தொடங்கியது. மார்ச் 8 அன்று கடைசிக் கதவும் அடைக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழு வாரம். இந்தக் கால அளவை மனதில் வைத்துக்கொண்டால் எப்போது போகலாம் என்று கணக்குப் போடலாம். தள்ளுபடி படிப்படியாக ஏறும்; ஏற ஏற நல்ல சரக்கு காலியாகும்.

படி 2: கிஃப்ட் கார்டும் ரிப்பேர் பொருளும்

செய்தி வந்த அன்றே இதைச் செய்துவிடுங்கள். திவாலான கடையின் கிஃப்ட் கார்டு வைத்திருப்பவர் சட்டப்படி கடைக்குக் கடன் கொடுத்தவர் மாதிரி, அதுவும் வரிசையின் கடைசியில் நிற்பவர். 2012 நவம்பரில் பிரிட்டனின் காமெட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனபோது கிஃப்ட் வவுச்சர்களை ஏற்பதை முதலில் நிறுத்திவிட்டார்கள். சில நாள் கழித்துத்தான் மறுபடி அனுமதித்தார்கள். எல்லா இடத்திலும் அப்படி மனம் மாறுவார்கள் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.

சர்வீஸுக்குக் கொடுத்த பொருள் இருந்தால், வேலை முடியாவிட்டாலும் திரும்ப வாங்கிவிடுங்கள். 2021 பிப்ரவரி 24 அன்று அமெரிக்காவின் ஃப்ரைஸ் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தொடர் ஒரே இரவில் எல்லாக் கடைகளையும் மூடியது. கடை மூடல் விற்பனை என்று ஒன்றுமே நடக்கவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் மின்னஞ்சல் அனுப்பித்தான் பொருளைக் கேட்க வேண்டியிருந்தது.

படி 3: விலையை எதோடு ஒப்பிடுவது

தள்ளுபடிச் சீட்டில் அடித்து எழுதிய பழைய விலையைப் பார்க்கவே வேண்டாம். பொருளின் முழு மாடல் எண்ணை, கடைசி எழுத்து வரைக்கும், செல்போனில் தட்டி, இன்றைக்கு வேறு கடையில் என்ன விலை என்று பாருங்கள். வேறு கடையில் வாங்கினால் திருப்பித் தரலாம். இங்கே "விற்றது விற்றதுதான்". திருப்பித் தரும் வசதிக்கும் ஒரு விலை உண்டு. என் கணக்கு இது: வேறு கடையின் இன்றைய விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவாக இல்லாவிட்டால் சீல் பிரிக்காத பொருளைக்கூடத் தொடமாட்டேன். டிஸ்ப்ளே பீஸ் என்றால் 40.

டிவி, லேப்டாப், விளையாட்டு கன்சோல் ஆகியவற்றில் கடைக்குக் கிடைக்கும் லாபமே குறைவு. அதனால் அவற்றின் விலை அதிகம் இறங்காது, இறங்குவதற்குள் விற்றும் போய்விடும். கேபிள், சுவரில் மாட்டும் ஸ்டாண்டு, பை, மெமரி கார்டு இவற்றில் லாபம் அதிகம். இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே நல்ல விலைக்கு வந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த விற்பனைகளில் உண்மையான ஆதாயம் ஹெச்டிஎம்ஐ கேபிளிலும் டிவி ஸ்டாண்டிலும்தான். கடைசி வாரத்தில் அலமாரிகளையும் தள்ளுவண்டிகளையும்கூட விற்பார்கள். சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

வாங்கவே கூடாதவையும் உண்டு. யூபிஎஸ்: அதன் ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறாமல் மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுவிடும். காலாவதித் தேதி தாண்டிய பிரிண்டர் மை. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன ரூட்டர், என்ன மலிவாக இருந்தாலும்.

படி 4: டிஸ்ப்ளே பீஸைக் கடைக்குள்ளேயே சோதியுங்கள்

கையில் ஒரு பென் டிரைவ், உங்கள் செல்போன், சிம் ஊசி, டைப்-சி சார்ஜர், அளவு நாடா இருக்கட்டும். பென் டிரைவில் முழு வெள்ளை, முழுச் சிவப்பு, இடைநிலைச் சாம்பல் என்று வெற்று நிறப் படங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கென ஆப் எதுவும் தேவையில்லை.

டிவி: சாம்பல் படத்தைத் திரை முழுக்கக் காட்டுங்கள். ஓஎல்இடி திரையில் ஒரே விளம்பரப் படம் மாதக்கணக்கில் ஓடியிருந்தால் அதன் தடம் நிழல்போலத் தெரியும். தெரிந்தால் விட்டுவிடுங்கள், அது போகாது. பிறகு கடையில் காட்டுவதற்கென்றே உள்ள கடை மோடை அணைத்துவிட்டு வீட்டு மோடில் பாருங்கள்; கடை மோடில் வெளிச்சம் எக்கச்சக்கமாக ஏற்றியிருக்கும். ரிமோட், கால்கள், அவற்றின் திருகுகள் மூன்றையும் கையில் வாங்கிய பிறகே பணம்.

செல்போன்: டெமோவுக்கென்றே தயாரித்த சில போன்களில் அழைப்பு வசதியே இருக்காது. *#06# அடித்து போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண் வருகிறதா பாருங்கள். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு செய்யுங்கள்.

லேப்டாப்: இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். டிஸ்ப்ளே லேப்டாப்பும் டேப்லெட்டும் பல நேரம் நிறுவனக் கணக்கு ஒன்றில் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவு வன்தட்டில் இல்லை. சாதனத்தின் அடையாளம் அதைத் தயாரித்தவரின் அல்லது விண்டோஸ் போன்ற மென்பொருளைத் தருபவரின் சர்வரில் பதிவாகியிருக்கிறது. எனவே ஃபேக்டரி ரீசெட் செய்தாலும், வன்தட்டையே மாற்றினாலும், நெட் கிடைத்ததும் "இந்தச் சாதனம் இன்ன நிறுவனத்துக்குரியது" என்ற திரை வந்து நின்றுவிடும். அதை விடுவிக்க வேண்டியது அந்த நிறுவனம். அது மூடிவிட்டால் யாரைக் கேட்பது?

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லுங்கள். தொடக்க அமைப்புத் திரை வந்ததும் உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். நெட் இல்லாமல் அமைப்பை முடித்துக் காட்டினால் அது சோதனையே அல்ல. பூட்டு நெட் வந்த பிறகுதான் முகம் காட்டும். கணக்கு கேட்கும் இடம் வரை போய், எந்த நிறுவனப் பெயரும் வராமல் இருந்தால் சரி. அடுத்து பயாஸ் (லேப்டாப் தொடங்கும்போதே வரும் அடிப்படை அமைப்புத் திரை) உள்ளே நுழைந்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். ரீசெட்டுக்கு அரைமணி, ஒரு மணி நேரம்கூட ஆகும். ஊழியர் நேரமில்லை என்றால் வாங்க வேண்டாம். வேலை போகப் போகிற மனிதர்கள் அவர்கள். பொறுமையாகக் கேளுங்கள், பெரும்பாலும் உதவுவார்கள்.

படி 5: பில், வாரண்டி, கார்டு

தயாரிப்பாளர் வாரண்டி கடையோடு சாகாது. பில்லில் தேதி, மாடல், சீரியல் எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதி முத்திரை போடச் சொல்லுங்கள். பில் தாள் சில மாதங்களில் மங்கிவிடும், அன்றே படம் எடுத்துவிடுங்கள். கடையின் பெயரில் தரும் நீட்டிப்பு வாரண்டியை வாங்காதீர்கள். அதன் பின்னால் வேறொரு காப்பீட்டு நிறுவனம் இருப்பதாகச் சொன்னால், அந்தப் பெயர் அச்சில் இருக்க வேண்டும்.

முடிந்தவரை கிரெடிட் கார்டு. பெட்டிக்குள் வேறு பொருள் இருந்தால் வங்கியிடமாவது முறையிடலாம். பிரிட்டனில் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையான பொருளுக்குக் கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது.

செல்போன் எண், மின்னஞ்சல் கேட்டால் கொடுக்க வேண்டாம். 2015-இல் அமெரிக்காவின் ரேடியோஷாக் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தொடர் திவாலானபோது வாடிக்கையாளர் தகவல்களும் விற்பனைக்கு வந்தன; டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்கள் எதிர்த்த பிறகே அதற்குக் கட்டுப்பாடு வந்தது.

பின்சேர்க்கை

"அதே பெயரில் இணையக் கடை மறுபடி வந்திருக்கிறதே, அங்கே வாரண்டி கேட்கலாமா?" என்று சிலர் கேட்டார்கள். சர்க்யூட் சிட்டி மூடிய அதே 2009-இல் அதன் பெயரையும் இணைய முகவரியையும் சிஸ்டமேக்ஸ் என்ற வேறொரு நிறுவனம் வாங்கியது. பெயரை வாங்குகிறவர் பழைய கடையின் கடனையும் பொறுப்பையும் சேர்த்து வாங்குவதில்லை. எனவே நேராகத் தயாரிப்பாளரிடமே போங்கள். மூடும் கடையின் பெயரைப் போட்டுப் போலித் தளங்களும் முளைக்கும். 80, 90 சதவீதத் தள்ளுபடி என்று விளம்பரத்தில் வரும் இணைப்பைத் தொடாமல், கடைக்கு நேரில் போவதே பாதுகாப்பு.

இன்னொன்று: கடையில் இதுவரை பார்த்திராத பிராண்டுகள் திடீரென்று அலமாரியில் நிறைந்தால், அவை விற்பனை நடத்துபவர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்த சரக்காக இருக்கலாம். அந்த பிராண்டுக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையில் எடுங்கள்.