குறிப்புக்கும் விலை உண்டு: குழுவாகக் கணக்குப் போட வைக்கும் முறை

கணக்கைத் தீர்க்க உதவும் குறிப்புகளைப் புள்ளி கொடுத்து வாங்குவதற்காக, நான்கு மாணவர் கொண்ட குழுவுக்குத் தொடக்கத்திலேயே 10 புள்ளிகளைக் கையிருப்பாகக் கொடுத்துவிட வேண்டும். கையில் ஒன்றுமில்லாதவர் குறிப்பை எப்படி வாங்குவார்? ஒன்பது நாணயங்களில் எடை குறைந்த ஒன்றை, இரு தட்டுத் தராசில் இருமுறை மட்டும் நிறுத்துக் கண்டுபிடிக்கும் கணக்கை எடுத்துக்கொண்டால், "எல்லா நாணயங்களையும் தட்டில் ஏற்ற வேண்டியதில்லை" என்ற முதல் குறிப்புக்கு 1 புள்ளியும், "மும்மூன்றாகப் பிரியுங்கள்" என்ற இரண்டாவதற்கு 4 புள்ளிகளும் விலை வைக்கலாம். பின்னது ஏறக்குறைய விடையையே கொடுத்துவிடுகிறது அல்லவா? சரியான விடைக்கு 10 புள்ளிகள். குறிப்பு வாங்குமுன் நால்வரும் சம்மதிக்க வேண்டும் என்ற விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். தளர்த்தினால் அவசரக்காரர் ஒருவரே கையிருப்பைக் கரைத்துவிடுவார். விடையை விளக்குபவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தால், ஒதுங்கி உட்கார்ந்திருப்பவருக்கும் மற்றவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.