பழைய துணி வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் குவித்துப் போட்ட துணிகளுக்கு நடுவே பொறுமையாகப் பொறுக்கினால் நல்ல உருப்படிகள் தேறும். ஆனால் பலரும் முதலில் தேடுவது காலர் லேபிளை. பெரிய பிராண்ட் என்றதும் எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சட்டை எத்தனை துவையல் கண்டது என்பதை லேபிள் சொல்லாது, துணிதான் சொல்லும்.

அதனால் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். சட்டையை இரண்டு கையாலும் விரித்து வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். நைந்த இடம் சல்லடை போலத் தெரியும். காலர் மடிப்பு, கை விளிம்பு, பேண்ட் என்றால் தொடை உரசும் இடம், இவைதான் முதலில் போகும். அக்குளில் மஞ்சள் படிந்திருந்தால் வைத்துவிடுங்கள். வியர்வையும் டியோடரண்டும் சேர்ந்து ஊறிய கறை அது, பிளீச் போட்டால் இன்னும் மோசமாகும்.

பட்டுப்புடவையில் நான் ஏமாந்திருக்கிறேன். பார்டரும் முந்தானையும் புதுசு போல இருந்தன, விரித்துப் பார்க்காமலே வாங்கிவிட்டேன். கட்டும்போது மடிப்போடு மடிப்பாகக் கிழிந்தது. பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டில்தான் இற்றுப்போகும். அவ்வளவு ஆசையாக எடுத்தது, மனசே ஆறவில்லை. இப்போதெல்லாம் ஐந்தரை மீட்டரையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் விலையே கேட்கிறேன்.

"ஆல்டர் பண்ணிக்கலாம்" என்று பெரிய அளவை எடுப்பதும் தப்புக்கணக்கு. இடுப்பையும் நீளத்தையும் டெய்லர் சுலபமாகக் குறைத்துவிடுவார். தோள் இறங்கியிருந்தால் கையையே பிரித்துத் தைக்க வேண்டும், கூலி துணி விலையைத் தாண்டிவிடும். இறுக்கமானதைப் பிரித்துவிடலாம் என்றால் உள்தையலைப் பாருங்கள். டெய்லர் தைத்த பிளவுஸ், சுடிதாரில் துணி விட்டிருப்பார்கள், ரெடிமேடில் பெரும்பாலும் இருக்காது.

மழைக்காலத்தில் மோந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். புழுக்க வாடை துவைத்து வெயிலில் போட்டால் போகும். பூஞ்சையின் கரும்புள்ளி லேசில் போகாது. சாயம் போகுமா என்று ஈரக் கைக்குட்டையால் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். அப்படியும் முதல் துவையல் தனியாகவே இருக்கட்டும்.

அப்புறம், "விரிச்சுப் பார்க்கட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டுப் பிரியுங்கள், பார்த்ததை மடித்தே கொடுங்கள். நான் வழக்கமாக வாங்கும் அக்கா இப்போது நல்ல காட்டன் வந்தால் எனக்கென்று தனியாக எடுத்து வைக்கிறார்.