முதியோர் இல்லத்தில் கதைத்துணையாகப் போக விரும்புகிறவர்களுக்கு

சிட்னியின் மேற்குப் பக்கத்தில், வென்ற்வேர்த்வில், பென்டில் ஹில் சுற்றுவட்டாரத்தில், எங்கள் ஆட்கள் பலர் வயதாகி முதியோர் இல்லங்களுக்குப் போய்விட்டார்கள். மறதி நோய் முற்றும்போது பலருக்குப் பிறகு படித்த ஆங்கிலம் முதலில் கைவிட்டுப் போகும். தமிழ்தான் மிஞ்சும். அதைக் கதைக்க அங்கே ஆள் இருக்காது. தமிழ் தெரிந்தவர்கள் போகவேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

போவதற்கு அரசின் 'ஏஜ்ட் கெயார் வொலன்ரியர் விசிட்டர்ஸ் ஸ்கீம்' (முதியோரைத் தொண்டர்கள் போய்ப் பார்க்கும் திட்டம்) இருக்கிறது. 2023 யூலையில் இந்தப் பெயருக்கு மாறிய பழைய திட்டம். உங்கள் பகுதியில் இதை நடத்தும் தொண்டு நிறுவனத்தில் பதிந்தால், பொலிஸ் சான்றிதழ், சிறு பயிற்சி எல்லாம் முடித்து ஒருவரோடு உங்களைச் சேர்த்துவிடுவார்கள். வருடத்துக்குக் குறைந்தது 20 தடவை போகவேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தவரை ஒரே நாள், ஒரே நேரம். தடிமன், காய்ச்சல் என்றால் போகாதீர்கள், ஆனால் வரவில்லை என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள். உங்களுக்காகச் சட்டை மாற்றிக்கொண்டு காத்திருப்பார்கள்.

உள்ளே போனதும் ரிவியை நிறுத்தலாமா என்று கேளுங்கள். கதிரையை இழுத்து, அவர் கண்மட்டத்தில், நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் இருங்கள். "என்னைத் தெரியுதா?" என்று மட்டும் கேட்கவே வேண்டாம். அது பரீட்சை வைப்பதுபோல. ஒவ்வொரு முறையும் நீங்களே பெயரைச் சொல்லுங்கள்.

நான் பார்க்கப்போகும் ஐயா பருத்தித்துறைக்காரர். காலமான மனைவி எங்கே என்று கேட்பார். அவர் இறந்துவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் புதிதாக இழப்பார். அதற்குப் பதிலாக, "அம்மா என்ன சமைப்பா ஐயா?" என்று மனைவியைப் பற்றியே கேட்பேன். முகம் மலர்ந்து ஒடியல் கூழில் தொடங்குவார். விளையாடும் கடதாசிக் கட்டை எடுத்தால் இன்னும் நல்லது. மகனின் பெயர் தடுமாறும் நாளிலும், முந்நூற்று நாலு என்ற கடதாசி ஆட்டத்தில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று பிழையில்லாமல் எண்ணுவார். ஆட்டத்துக்கு ஆள் போதாவிட்டால் பரவாயில்லை, கையில் பிடித்துக் கதைத்தாலே போதும். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். அதுவும் துணைதான்.

சாப்பாடு விஷயத்தில் மிகக் கவனம். ஊர்ச் சாமான் என்று மொறுமொறுப்பான பருத்தித்துறை வடையைக் கொண்டுபோய் நீட்டிவிடாதீர்கள். விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குத் தண்ணீரைக்கூடத் தடிப்பாக்கித்தான் கொடுப்பார்கள். எதையும் தாதியிடம் கேட்ட பிறகே கொடுங்கள். மருந்து கொடுப்பது, தூக்கி இருத்துவது உங்கள் வேலையில்லை. காசு வாங்கவும் கொடுக்கவும் வேண்டாம். உடம்பில் காயம், திடீர் மெலிவு, பயம் ஏதாவது கண்டால் வெளியில் பேசாமல் உங்களை அனுப்பிய நிறுவனத்தின் இணைப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள்.

புறப்படும்போது அடுத்து வரும் நாளை அவருடைய கலண்டரில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு வாருங்கள்.